அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம்

எங்கள் வீட்டில் குழாய் சொட்டினால் என் மனைவி ஆக்சிலியா, “நிமிசத்துக்கு எத்தன சொட்டு போவுதுன்னு பாத்தீங்களா?” என்று கேட்பாள். மிக்ஸி நின்றுபோனால், “இது நம்மால ஆவாது, தர்மபுரிக்கு எழுதிருங்க” என்பாள். பென்னாகரத்தில் பார்க்க முடியாத நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எழுதிட்டாங்க என்றால் போதும், கேட்டவர்கள் முகம் மாறிவிடும். மகள் மோனிஷா விடிந்த பிறகும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தால், “அந்தக் கேஸு நல்லாத்தான் இருக்குது, டிஸ்சார்ஜ் பண்ணி காலேஜுக்கு அனுப்புங்க” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். காலையில் வாசலில் யாராவது காலையோ வயிற்றையோ பிடித்துக்கொண்டு வந்து நின்றால், “ஓபி ஆரம்பிச்சிருச்சு” என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் என் பாடம் எதுவும் கலக்கவில்லை. பாதிப் பேச்சு அவள் வார்டிலிருந்து வந்தது. போன மாதம் மிக்ஸி நின்றது. கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆக்சிலியாவின் ஊர் ஏரியூருக்கு அந்தப் பக்கம். அப்பா பெயர் சவரி. மழையை நம்பிய கொஞ்சம் நிலம், கேழ்வரகும் கடலையும் போடுவார், ஆடுகள் வைத்திருந்தார். அவள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். தம்பி அந்தோணி பிரகாஷ் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். படிப்பு முடிந்ததும் பென்னாகரத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு.

காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் வருகிறவர்கள் தங்கள் உடம்பைச் சொல்வதற்கு வைத்திருந்த சொற்கள் அவளுக்குப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து சொல்லிக் காட்டுவாள். நெஞ்சு பகபகங்குது. கையி காலு ஒளையுது. கண்ணு பூத்துப்போயி கிறுகிறுன்னு வருது. வவுறு பொருமிக்கிட்டு கெடக்குது. பெண்கள் கிட்டே வந்து காதோடு, “தள்ளிப் போயிருக்குதுங்க நர்ஸம்மா” என்பார்கள். எதையும் அவள் திருத்தமாட்டாள். அதே சொல்லைத் திருப்பிக் கேட்பாள்: “ஒளையறது ராத்திரியா, பகல்லயா?”

கடலை பிடுங்கி முடிகிற சமயத்தில் ஆண்கள் வருவார்கள். உடம்பில் தெம்பில்லை, குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. ஒருமுறை நான் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்கப் போயிருந்தபோது கோவிந்தன் என்று ஒருவர் கட்டிலில் தானாகவே ஏறிப் படுத்துக்கொண்டு கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு பாட்டிலு ஏத்தி வுடுங்க சிஸ்டரு.”

“நேத்து ராத்திரி நீங்க ஏத்துனது பத்தாதா?”

“அது வேற பாட்டிலுங்க. இது ஒடம்புக்கு.”

“டாக்டரு வரட்டும். அவரு சொன்னாத்தான்.”

“அவரு ஊசிதாங்க போடுவாரு. நீங்கதான் மனசு வெக்கணும்.”

வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆக்சிலியா அவர் கையை மடக்கி மார்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிற வழக்கம்தான். பெரிய நோய் என்று தெரிந்தால், அதை நோயாளியிடம் சொல்லமாட்டார்கள். மகனோ மருமகனோ நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, சொல்லிவிடாதீர்கள் என்பார்கள். மாதவராஜ் என்கிற லாரி டிரைவர் தன் அம்மா ஜானகியம்மாளைச் சேர்த்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே நின்று ஆக்சிலியாவிடம் கெஞ்சியதை அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

“அம்மாவுக்குத் தெரியவே கூடாதுங்க சிஸ்டர். கேட்டா என்னான்னு சொல்றது?”

“அல்சர்னு சொல்லிக்கலாங்க.”

“நம்புவாங்களா?”

“சாப்புடாம வெறும் வவுத்துல கெடந்ததாலன்னு சொல்லுங்க. எல்லா அம்மாவும் அப்பிடித்தான் கெடந்திருப்பாங்க. நம்புவாங்க.”

வயிற்றில் என்றால் அல்சர், நெஞ்சில் என்றால் பழைய சளி, வேறெங்காவது என்றால் கட்டி. அவளே வைத்துக்கொடுத்த பெயர்கள். நர்ஸுகளுக்குள் பேசும்போது கேன்சரைச் சி.ஏ. என்று சொல்லிக்கொள்வார்கள். கட்டிலில் இருப்பவருக்கு அது யாரோ ஒருவரின் இனிஷியல் மாதிரிக் கேட்கும். கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைப்பதற்காக வேறு ஊருக்கு அனுப்பும்போதும், “புண்ணு ஆறறதுக்கு லைட்டு காட்டறாங்க” என்று சொல்லி அனுப்புவாள்.

இதெல்லாம் சரிதானா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“சரியா தப்பான்னு தெரிலீங்க. பேரச் சொல்லிட்டா அப்புறம் அந்த ஆளுகிட்ட யாரும் பேசறதில்ல. பக்கத்துல நின்னுக்கிட்டு அந்த ஆளப்பத்தித்தான் பேசறாங்க” என்றாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் கோடையில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வாய்வு என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். பிறகு சேலத்துக்குப் போய்க் கேமரா விட்டுப் பார்த்தோம், சதை எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் வாங்கப் போன அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம். முன் சீட்டில் ஒரு குடும்பம் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தது. அந்த உறையை அவள் மறுபடியும் திறந்து படித்தாள்.

“சி.ஏ. தாங்க. ஈரலுக்கும் போயிருக்குது.”

வண்டியில் ஒருவருக்கும் புரியாத சொல். எனக்கு மட்டும் புரிந்தது. இத்தனை வருடம் அவளோடு இருந்ததில் கற்றுக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் விஷயம், “அப்பாவுக்குச் சொல்லவேணாம். அல்சர்னு சொல்லிக்கலாம்.”

அப்பா தாங்கமாட்டார் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மோனிஷாவிடம் சொன்னோம். ஓசூருக்குப் போன் செய்து பிரகாஷிடம் சொன்னேன். சவரி மாமாவுக்கு மட்டும் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம், பார்த்துப் பேசு என்றேன். அவனிடமிருந்து அவன் மனைவிக்கு, அவளிடமிருந்து என் அக்காவுக்கு, அங்கிருந்து கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் போயிற்று. போகிற வழியில் ஒரு மாற்றம் நடந்தது. மறைப்பது என்றால் எங்கள் ஊர்களில் நோயாளியிடமிருந்துதான் மறைப்பார்கள். அதனால் ஆக்சிலியாவுக்குத் தன் நோய் தெரியாது என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா காதில் விழுந்தால் அவளுக்கும் போய்விடும் என்று அவரிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

முதலில் வந்தது என் அக்கா லூர்தம்மாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அல்சருக்கெல்லாம் இப்ப பயமே கெடையாது ஆக்சிலியா. எங்க தெருவுல ஒருத்தருக்கு இருந்துச்சு. மோரு மட்டும் குடிச்சாரு. இப்ப பரோட்டா தின்றாரு.”

“அப்பிடியாக்கா? எனக்குத் தெரியாமப் போச்சே.”

“நீ ஆஸ்பத்திரில இருக்கறவ. உனக்கு நான் சொல்லணுமா?”

“சொல்லுங்கக்கா. எனக்கு யாரு இருக்கா சொல்றதுக்கு.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும் ஆக்சிலியா சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும், பிடித்துக்கொண்டு சிரித்தாள். “என் மருந்தையே எனக்கு எடுத்துக் குடுக்கறாங்க. டோஸ் கூட மாறல.”

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான் இருந்தது. ஊசிமருந்து ஏற்றுவதற்காக பெங்களூருக்குப் போய்ப்போய் வந்தோம். முடி கொட்ட ஆரம்பித்தது. வீட்டில் பேச்சு மாறியது. சார்ஜருக்காக அவளோடு தினமும் சண்டை போடுகிற மோனிஷா, “நீ வெச்சிக்கம்மா” என்று சொல்லப் பழகிவிட்டாள். என் கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று நானும் கேட்பதில்லை, தேடி எடுத்துக்கொண்டேன். அவளோடு டூட்டி சார்ட்டுக்காக வருடக்கணக்கில் மல்லுக்கு நின்ற கோகிலவாணி சிஸ்டர் பார்க்க வந்தார். ஆக்சிலியா வேண்டுமென்றே அந்தப் பழைய சண்டையை எடுத்தாள்.

“அந்தக் கிறிஸ்மஸ் நைட்டு நீங்கதான் பாத்திருக்கணும் கோகிலா. நான் ஏமாந்துட்டேன்.”

“ஆமாங்க சிஸ்டர். நீங்க சொல்றதுதான் சரி. என் தப்புதான்.”

அன்று அவள் அழுதாள். ரிப்போர்ட் வந்த நாளில்கூட அப்படி அழவில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும் வீடு பழைய மாதிரி இருந்தது. சவரி மாமா ஏரியூர் பஸ்ஸில் வருவார். மஞ்சள் பையில் மணத்தக்காளிக் கீரை, ஒரு தூக்கில் ஆட்டுப்பால். அல்சருக்கு மணத்தக்காளி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று காலையிலிருந்தே ஆக்சிலியா தயாராவாள். முகம் கழுவிக்கொள்வாள், நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொள்வாள், கட்டிலை விட்டு நாற்காலிக்கு வந்துவிடுவாள்.

செருப்பை வாசலில் விடும்போதே அவர் ஆரம்பித்துவிடுவார்.

“காத்தால சோறு தின்னியா?”

“தின்னேம்பா.”

“பொய்யி. மொகரையப் பாத்தாத் தெரியுதே. டூட்டி டூட்டின்னு வெறும் வவுத்துல டீத்தண்ணிய ஊத்திக்கிட்டுத் திரிஞ்ச, இப்பப் புண்ணாப் போயி கெடக்குது. ஊருக்கெல்லாம் ஊசி போடத் தெரியுது, ஒரு வாயி சோறு எடுத்து வாயில வெக்கத் தெரியல. எந்தக் காலேஜில படிச்ச நீ?”

“நீ சேத்துவுட்ட காலேஜிதாம்பா.”

“வாயி மட்டும் எளைக்கல.” பிறகு என் பக்கம் திரும்புவார். “நீங்க ரொம்ப எளக்காரம் குடுக்கறீங்க மாப்ள. வாத்தியாருதான? பெரம்பு இல்லையா வூட்ல?”

“இப்ப பள்ளிக்கூடத்துலயே பெரம்பு இல்லீங்க மாமா.”

“அதான் புள்ளைங்க இப்பிடி இருக்குது.”

முடி கொட்டியதைக் கவனித்துவிட்டார். “என்னாடி மண்டையெல்லாம் தெரியுது?”

“மாத்திரை சூடுப்பா.”

“சூடு. வாரத்துக்கு ஒருக்கா எண்ண வெச்சிக் குளிச்சா எங்கருந்து வருது சூடு? உங்கம்மா இருந்திருந்தா வுட்டிருப்பாளா உன்ன?” அடுத்த சனிக்கிழமை கீரையோடு விளக்கெண்ணெயும் வந்தது. அவளைக் கீழே உட்காரவைத்து, மிச்சமிருந்த முடியில் அவரே தடவிவிட்டார். தடவிக்கொண்டே திட்டினார். தலையைக் குனிந்துகொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே அவரைச் சீண்டி ஏதாவது சொல்வாள், திட்டு நின்றுவிடாமல் இருக்க.

அன்றைக்கு மட்டும் அவள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவாள்.

ஒரு சனிக்கிழமை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு, பிரகாஷ் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மாமாவிடம் சொல்லிவிடலாமே என்றேன். பிரகாஷ் பல நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வேணாங்க. அவரு தாங்கமாட்டாருன்னு சொல்லல. அவரு தாங்குவாரு, அம்மாவையே தாங்குனாரு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “திட்டு வாங்கறதுக்கு எனக்கு ஒரு ஆளாவது வேணும். நீங்கல்லாம் என்னை சீரியஸ் கேஸாப் பாக்க ஆரம்பிச்சிட்டீங்க. அவருக்கு நான் இன்னும் சோறு திங்காத பொண்ணு, அவ்ளோதான். சொல்லிட்டா அதும் போயிரும்.”

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிரகாஷிடமும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் கார்த்திகையில் வயிறு வீங்க ஆரம்பித்தது. பெங்களூரில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வலிக்கு மட்டும் மாத்திரை கொடுங்கள் என்றார்கள். அவளே மாத்திரை அட்டையைப் பார்த்து, எது எப்போது என்று மோனிஷாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு ஃபாதர் அருள்குமாரை வரச்சொல்ல வேண்டும் என்றாள்.

நோயில் பூசுதல் என்று இப்போது கோயிலில் சொல்கிறார்கள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பது. எந்த நோயாளிக்கும் செய்யலாம், குணமாவதற்காகவும் செய்யலாம் என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார். பெரியவர்கள் காதில் ஏறாது. அவர்களுக்கு அது இன்னும் அவஸ்தைதான். அவஸ்தை குடுத்தாச்சா என்று கேட்டால், ஆள் இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று அர்த்தம். வீட்டுக்குச் சாமியார் எண்ணெயோடு வந்து போனார் என்பது ஏரியூர் வரை போக ஒருநாள்கூட ஆகாது.

பிரகாஷ் ஓசூரிலிருந்து வந்துவிட்டான். “அப்பா இல்லாத நாளாப் பாத்து பூசிட்டோம்னு நாளைக்கி அவருக்குத் தெரிஞ்சா, என்ன உயிரோட வுடமாட்டாருக்கா.”

“உன்ன ஏன்டா? என்னத்தான் வுடமாட்டாரு.”

“வெளையாடாதக்கா.”

அவளுக்கு எண்ணெயும் வேண்டும், அப்பாவின் திட்டும் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை. கடைசியில், “சனிக்கிழமையே வரச்சொல்லுங்க. அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை சவரி மாமா தரையில் செய்தித்தாளை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அப்பா, சாயங்காலம் ஃபாதர் வராரு.”

“வூடு மந்திரிக்கவா?”

“இல்ல. எனக்கு அவஸ்தை குடுக்க.”

அவர் கை நிற்கவில்லை. ஒரு காம்பு, இன்னொரு காம்பு. “அல்சருக்கு எதுக்குடி அவஸ்தை?”

“அல்சர் இல்லப்பா. புத்து.”

மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்தார். காம்புகளைத் தாளோடு சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து அவள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தார்.

“எப்பருந்து?”

“கோடையிலருந்து.”

“மாப்ளைக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பிரகாசுக்கு?”

“எல்லாருக்கும் தெரியும்ப்பா.”

“எனக்கு மட்டும் தெரியாது.”

“உனக்கு மட்டும்.”

“நான் பாட்டுக்கு கீரைய கொண்டாந்து கொண்டாந்து குடுத்துக்கிட்டு இருந்தேன்.”

“அது நல்லா இருந்துச்சிப்பா.”

சாயங்காலம் ஃபாதர் வந்தார். மெழுகுவத்தியை சவரி மாமாவே பிடித்துக்கொண்டார். அவள் கைகளை விரித்துக் காட்டினாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கைகள். பூசி முடித்ததும் அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அவள் பயந்தது அடுத்த வாரம் நடந்தது. சவரி மாமா இளநீர் கொண்டுவந்தார். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “என்னாம்மா, எப்பிடிம்மா இருக்கற?” என்றார். கல்யாணமானதிலிருந்து அவளை அவர் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. டீ, ஏ, கழுத, இவைதான் அவள் பெயர்கள்.

“காலைல கஞ்சி குடிக்கலப்பா” என்றாள்.

“பரவால்லம்மா. முடியறப்ப குடி.”

“மாத்திரையும் போடல.”

“போட்டுக்கலாம்மா. மெதுவா.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் பின்பக்கம் போனபோது என்னிடம், “போச்சுங்க. அவரும் விசிட்டிங் அவர்ஸ்ல வர்ற ஆளாயிட்டாரு” என்றாள். நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் தனியாகப் போய், கொஞ்சம் திட்டுங்கள் மாமா என்று கேட்டுப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, “வர மாட்டேங்குதுங்க மாப்ள” என்றார்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய சனிக்கிழமை பிரகாஷும் வந்திருந்தான். அவளுக்கு அன்று வலி கொஞ்சம் குறைவு. எங்களை உட்காரவைத்துச் சில விஷயங்கள் சொன்னாள். எந்தச் சேலை, மோனிஷாவின் படிப்பு, அவளுடைய சங்கிலி யாருக்கு. எல்லாவற்றுக்கும் நாங்கள் சரி சரி என்றோம். சவரி மாமா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அடக்கம் இங்க பென்னாகரத்துலயே பண்ணிருங்க. இவரும் பாப்பாவும் நெனச்சப்ப வந்து போவாங்க.”

கஞ்சியை ஆற்றுகிற சத்தம் நின்றது.

“யாரக் கேட்டு முடிவு பண்ண?”

நானும் பிரகாஷும் அவளும் திரும்பிப் பார்த்தோம்.

“உன்னத்தான் கேக்கறேன். யாரக் கேட்ட? உங்கம்மா பக்கத்துல எனக்குன்னு எடம் வெச்சிருக்கறேன். அத உனக்கு வுட்டுத் தரலாம்னு ஒரு வாரமா ஒறக்கம் இல்லாம நெனச்சிக்கிட்டு கெடக்கறன். நீ என்னாடான்னா டவுனு கல்லறைல போயி படுத்துக்கறேங்கற.”

“அங்க பஸ்ஸே சரியா கெடையாதுப்பா. இவரு எப்பிடி வருவாரு?”

“நான் எப்பிடி வந்தேன்? இத்தன மாசமா எதுல வந்தேன், பறந்தா வந்தேன்? மாப்ளைக்குக் காலு இல்லையா?”

“அவருக்குப் பள்ளிக்கூடம் இருக்குது. நீ சும்மா இருக்கற ஆளு.”

“யாருடி சும்மா இருக்கறவன்? ஆட்டப் பக்கத்து வூட்ல கட்டிட்டு, அவன்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு வரேன். சும்மா இருக்கறனாம்.”

“அப்பா, இந்த நேரத்துல போயி…” என்றான் பிரகாஷ்.

“நீ வாய மூடுடா. அவரு பேசட்டும்” என்றாள் ஆக்சிலியா. யாரும் பிடிக்காமலே கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மோனிஷா உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கட்டிக் குடுத்தா அவ்ளோதானா? பொறந்த ஊரு வேணாமா? உங்கம்மா என்னக் கேப்பாளே, எங்க என் பொண்ணுன்னு, என்னாடி சொல்றது நான்?”

“டவுன்ல டூட்டில இருக்கான்னு சொல்லு.”

“வாயப் பாரு. சாகப் போற வாயா இது? பொறந்ததுலருந்து இதே புடிவாதம். சோத்துலயும் புடிவாதம், சீக்குலயும் புடிவாதம். இந்தக் கஞ்சியக் குடிச்சிட்டுப் பேசு, வெறும் வவுத்துல நாயம் பேச வந்துட்டா.”

அவர் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கையில் கஞ்சி தளும்பி லுங்கியில் கொட்டியது. அவள் டம்ளரை வாங்கிக் குடித்தாள். முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும், “நான் வரல அங்க” என்றாள்.

இருட்டும்வரை அந்தச் சண்டை நடந்தது. முடிவுக்கு வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் பையை எடுத்தார். “வர சனிக்கெழம பேசிக்கறேன் உன்ன.”

“வா. நானும் ரெடியாத்தான் இருப்பேன்.”

அன்று இரவு அவள் வலி மாத்திரை கேட்கவில்லை. “எப்பிடித் திட்டறாரு பாத்தீங்களா” என்று ஒருமுறை சொன்னாள். பிறகு தூங்கிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு அவள் இருக்கவில்லை. கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் விடியற்காலையில் போனாள். சவரி மாமா வந்து சேர்ந்ததும், எங்கே வைக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். உங்கள் ஊரிலேயே வைப்பதற்கு எனக்குச் சம்மதம்தான் என்றும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பதில் சொன்னார்.

“அவ சொன்ன எடத்துலயே வைங்க மாப்ள. ஆனா நான் ஒத்துக்கல.”

இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கல்லறைக்குப் போய்விடுவார், நான் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வேன். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். “பாரு, ஒரு மரம் உண்டா இங்க? அங்க வந்திருந்தா வேம்பு நெழல்ல கெடந்திருப்ப. லாரி போற சத்தத்துல எப்பிடிடி ஒறங்கற?” கீரையின் விலையைச் சொல்வார், ஆடு குட்டி போட்டதைச் சொல்வார், மறுபடியும் இடத்துக்கே வந்துவிடுவார். ஒவ்வொன்றைச் சொன்ன பிறகும் கொஞ்சம் நிறுத்துகிறார், அவள் பதில் சொல்கிற அளவுக்கு. பிறகு அவர் அடுத்ததைத் தொடங்குகிறார்.